தஹினி சாஸ் வீட்லயே பண்றது: இறுகிடுச்சுன்னு கொட்டிராதீங்க, இன்னும் தண்ணி ஊத்துங்க

தஹினில, அதாவது எள்ளு விழுதுல, எலுமிச்சம்பழச் சாறு ஊத்தி கலக்க ஆரம்பிச்ச உடனே அது சாஸா மாறாம அப்படியே இறுகி, திரிதிரியா போயி, கரண்டில ஒட்டிக்கிட்டு நகரவே மாட்டேங்கும் பாருங்க, அந்த இடத்துலதான் நிறைய பேரு கெட்டுப் போச்சுன்னு நினைச்சு கொட்டிடுறாங்க. நானும் முதல் தடவ ஒரு கிண்ணம் முழுசா கொட்டினேன். அது கெட்டுப் போகவே இல்ல, அதுக்குத் தண்ணி பத்தல, அவ்வளவுதான். இன்னும் நாலஞ்சு ஸ்பூன் தண்ணி ஊத்தி அடிச்சிருந்தா வெள்ளையா வழவழன்னு வந்திருக்கும். இந்த ஒண்ணு புரிஞ்சிட்டா மத்ததெல்லாம் சின்ன வேலை, அதனாலதான் முதல்லயே சொல்லிடுறேன்.

எனக்கு இதைச் செஞ்சு காட்டினது நாங்க ஷார்ஜால குடியிருந்தப்போ பக்கத்து ஃப்ளாட்ல இருந்த லெபனான்காரம்மா. அவங்க கப்பு ஸ்பூன் எதையும் எடுக்க மாட்டாங்க, ஒரு கையில ஃபோர்க், இன்னொரு கையில தண்ணி கிளாஸ், அவ்வளவுதான் சாமான். தஹினி இறுகினதும் நான் ஐயோன்னேன். அவங்க திரும்பிக்கூட பாக்கல, "ஷ்வய் ஷ்வய்"னு சொல்லிக்கிட்டே (கொஞ்சம் கொஞ்சமாங்குறதுக்கு அவங்க பேச்சுல அப்படித்தான்) தண்ணிய நூல் மாதிரி விட்டு அடிச்சிட்டே இருந்தாங்க. வேர்க்கடலை கலர்ல கட்டியா கிடந்தது என் கண்ணு முன்னாடியே வெளுத்துக்கிட்டு வந்துச்சு, முதல்ல ஓரத்துல, அப்புறம் நடுவுல, கடைசில ஃபோர்க்கைத் தூக்கினா பட்டையா வழிஞ்சு விழுந்து, விழுந்த கோடு ரெண்டு செகண்டு அப்படியே நின்னு அப்புறம் கரைஞ்சு போச்சு. அந்த ரெண்டு செகண்டுதான் பதம், இன்னைக்கு வரைக்கும் எனக்கு அதுதான் அளவு.

ஒரு குழப்பத்தை முதல்ல தீர்த்துருவோம். தஹினி வேற, தஹினி சாஸ் வேற. தஹினிங்குறது வெறும் எள்ளை அரைச்ச விழுது, அரபியில தஹீனா, அரைக்கிறதுங்குற வேர்ச்சொல்லுல இருந்து வந்த பேரு. அந்த விழுதோட எலுமிச்சை, பூண்டு, உப்பு, தண்ணி சேர்த்து அடிச்சா சாஸ், லெபனான், சிரியா பக்கம் அதுக்கு தரத்தோர்னு பேரு. அந்தப் பேரை வச்சுக்கிட்டு துருக்கிக்கோ பல்கேரியாவுக்கோ போனா வேற சாமான் வரும், பல்கேரியால தரத்தோர்னா வெள்ளரிக்காயும் தயிரும் போட்ட ஜில்லுனு ஒரு சூப்பு. நான் சொல்றது லெபனான் தரத்தோர். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா, நாம எள்ளுல இருந்து எடுத்த நெய்ய எண்ணெய்னு சொன்னோம், எள் கூட்டல் நெய், அதுதான் எண்ணெய், இன்னைக்கு தேங்காயில எடுத்தாலும் கடலையில எடுத்தாலும் அதே பேருதான். அவங்க எள்ளைப் பிழியாம, புண்ணாக்குன்னு எதையும் பிரிக்காம, முழுசா அரைச்சு வச்சுக்கிட்டாங்க. ஒரே எள்ளு, ரெண்டு ஊரு, ரெண்டு வழி.

கடையில வாங்கின தஹினி இருந்தா அடுத்த ரெண்டு மூணு பத்தியை விட்டுட்டு நேரா சாஸுக்குப் போயிடலாம், தப்பே இல்ல, அங்கயும் வீட்டுல யாரும் தினம் எள்ளு அரைக்கிறதில்ல, பாட்டில் வாங்கித்தான் பண்றாங்க. ஆனா நம்ம ஊருல பாட்டில் விலை அதிகம், எள்ளு மளிகைக் கடையிலேயே கிடைக்குது, மிக்ஸியும் இருக்கு, அதனால நான் வீட்லயே அரைக்கிறேன்.

எள்ளு வாங்கும்போது கவனிங்க. கருப்பு எள்ளு வேண்டாம், அது எள்ளுருண்டைக்கும் இட்லிப் பொடிக்கும் இருக்கட்டும். வெள்ளை எள்ளுன்னு கேட்டா ரெண்டு விதம் தருவாங்க, ஒண்ணு மங்கலா சந்தனக் கலர்ல இருக்கும், அது தோலோட இருக்குறது, இன்னொண்ணு பளிச்சுனு வெள்ளையா இருக்கும், அது தோல் நீக்கினது. நமக்கு ரெண்டாவதுதான் வேணும். தோல்லதான் கசப்பு இருக்கு, தோலோட அரைச்சா சாஸ் நாக்குல கடைசில ஒரு கசப்பை விட்டுட்டுப் போகும், கலரும் மண்ணு மாதிரி ஆயிடும். அங்க பழைய முறையில எள்ளை ஊறவச்சு, தேய்ச்சு, உப்புத் தண்ணியில போடுவாங்க, தோல் அடியில தங்கிடும், பருப்பு மேல மிதக்கும், அதை அள்ளிக் கழுவி வறுத்து கல்லு மில்லுல அரைப்பாங்க. பாலஸ்தீனத்துல நாப்லுஸ்ங்குற ஊரு இந்தத் தஹினிக்குப் பேர் போனது, எத்தியோப்பியாவுல இருந்து வர்ற ஹுமேரா எள்ளுக்கு அங்க தனி மதிப்பு. காஸாவுல எள்ளை நல்லா வறுத்து செக்கச்செவேல்னு ஒரு தஹினி பண்ணுவாங்க, அதோட வாசனையே வேற.

ஒரு கப் எள்ளு, அதாவது 150 கிராம் கிட்ட, எடுத்துக்கங்க. முதல்ல ஒரு வாய் மென்னு பாருங்க, பழைய எள்ளா இருந்தா காறல் வாடை வரும், அதை எந்த எலுமிச்சையும் மறைக்காது. கல்லு மண்ணு இல்லாம புடைச்சுட்டு அடிகனமான கடாயில போட்டு, அடுப்பை சிம்முக்கும் மீடியத்துக்கும் நடுவுல வச்சு, கையை எடுக்காம வறுக்கணும். அஞ்சாறு நிமிஷம் ஆகும். இங்கதான் நம்ம கைப்பழக்கம் நம்மளக் கவுத்துடும், ஏன்னா எள்ளுப் பொடிக்கு நாம படபடன்னு பொரியுற வரைக்கும், நல்லா சிவக்குற வரைக்கும் வறுப்போம், அப்படி வறுத்தா சாஸ் கசந்துடும். படபடப்பு ஆரம்பிக்குது, ஒண்ணு ரெண்டு துள்ளுது, வாசனை லேசா எந்திரிக்குது, கலர் வெள்ளையில இருந்து தந்தம் மாதிரி மாறியிருக்கு, அப்பவே இறக்கிடணும். இறக்கினா மட்டும் போதாது, கடாய்ச் சூட்டுலயே அது மேல மேல வறுபட்டுக்கிட்டே இருக்கும், உடனே ஒரு தட்டுல கொட்டிப் பரப்பிடுங்க.

கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்கும்போதே சின்ன ஜார்ல போடுங்க, சட்னி ஜார் இருக்குல்ல அது. பெரிய ஜார்ல போட்டா எள்ளு ஓரத்துல ஒட்டிக்கிட்டு பிளேடு வெறுமனே சுத்தும். முதல்ல எண்ணெய் எதுவும் ஊத்தாம விட்டு விட்டு ஓட்டுங்க, பொடியாகும், அப்புறம் ஈர மண்ணு மாதிரி கட்டியாகும், மூடியத் திறந்து ஓரத்தை வழிச்சு விட்டு மறுபடி ஓட்டுங்க. எள்ளுன்னா எண்ணெயா நிக்கணும்பாங்க, அது மிக்ஸில பத்துப் பன்னெண்டு நிமிஷம் எடுத்துக்கும், நடுநடுவுல ரெண்டு நிமிஷம் மிக்ஸிக்கு ரெஸ்ட் குடுங்க, இல்லன்னா மோட்டார் சூடாகி வாடை வரும். ரெண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய் ஊத்தினா வேகமா இளகும், நம்ம செக்கு நல்லெண்ணெய் ஊத்தலாமான்னு கேப்பீங்க, தாராளமா, ஆனா வாசனை தூக்கலா இருந்தா பாதி நல்லெண்ணெய், பாதி சூரியகாந்தி எண்ணெய்னு போடுங்க. சைனீஸ் சமையலுக்கு விக்கிற கருஞ்சிவப்பு எள்ளெண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம், அது வறுத்த எள்ளுல எடுத்தது, ரெண்டு சொட்டுலயே சாஸை அமுக்கிடும். தண்ணி ஒரு சொட்டுகூட படக்கூடாது இந்தக் கட்டத்துல. விழுது கரண்டியில இருந்து தேன் மாதிரி வழிஞ்சா தஹினி ரெடி, முக்கால் கப்பு கிட்ட வரும். மில்லுல அரைச்ச அளவுக்கு நைஸா வராது, லேசா ஒரு குறுகுறுப்பு இருக்கும், சாஸுல அது பெருசாத் தெரியாது.

இப்போ சாஸ். அரை கப் தஹினிக்கு ரெண்டு எலுமிச்சம்பழச் சாறு, அதாவது மூணு டேபிள்ஸ்பூன் கிட்ட, நாட்டுப் பூண்டுன்னா மூணு பல்லு, பெரிய பல்லுன்னா ஒண்ணரை, உப்பு அரை டீஸ்பூன், ஜில்லுனு தண்ணி அரை கப்பு பக்கத்துல வச்சுக்கங்க. லெபனான்ல பெரிய மஞ்சள் எலுமிச்சை, நம்ம பழம் அதைவிடச் சுள்ளுனு இருக்கும், அதனால சாறைக் கொஞ்சம் குறைச்சே ஆரம்பிங்க, பிழியும்போது தோலோட அழுத்திக் கசக்காதீங்க, கசப்பு இறங்கிடும்.

பூண்டை உப்போட சேர்த்து இடிகல்லுல நல்லா மசிய இடிச்சு, உடனே எலுமிச்சைச் சாறுல போட்டு பத்து நிமிஷம் அப்படியே விட்டுருங்க. இந்தப் பத்து நிமிஷத்தை தயவு செஞ்சு தவிர்க்காதீங்க. பூண்டை நசுக்கினதும் அதுல இருக்குற ஒரு என்சைம் வேலை செய்ய ஆரம்பிச்சுதான் அந்தக் காரமும் நெடியும் உண்டாகுது, புளிப்பு பட்டா அந்த என்சைம் அடங்கிடும், வாசனை இருக்கும், தொண்டையில எரியாது. பச்சையா நேரா தஹினில போட்டுப் பாருங்க, மறுநாள் ஃப்ரிட்ஜுல இருந்து எடுக்கும்போது பூண்டு மட்டும்தான் தெரியும்.

அந்தச் சாறை தஹினில ஊத்தி ஃபோர்க்காலயோ விஸ்க்காலயோ கலக்குங்க. இறுகும். இறுகணும். எள்ளுல பாதி கிட்ட எண்ணெய், மீதி புரதமும் மாவுச்சத்தும் நாரும், தஹினிங்குறது அந்த எண்ணெய்க்குள்ள இந்தத் துகளெல்லாம் மிதக்குற விழுது, அதுல கொஞ்சூண்டு ஈரம் பட்டதும் துகளெல்லாம் ஈரத்தை இழுத்துக்கிட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது. சாக்லேட் உருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தா கட்டியாகுமே, அதே மாதிரிதான். இன்னும் தண்ணி போகப் போக நிலைமை தலைகீழாகுது, எண்ணெய் குட்டிக் குட்டித் துளியா உடைஞ்சு தண்ணிக்குள்ள மிதக்க ஆரம்பிக்குது, பாலுக்குள்ள கொழுப்பு மிதக்குற மாதிரி, அது வெள்ளையாத் தெரியுறதும் பால் வெள்ளையா இருக்குற அதே காரணத்தாலதான். அதனால ஒரு ஸ்பூன் தண்ணி, அடி, அது முழுசா உள்ள போனதும் அடுத்த ஸ்பூன். நாலாவது அஞ்சாவது ஸ்பூனுக்கு மேல திடீர்னு இளகும். தண்ணி சில்லுனு இருந்தா நல்லா வெளுத்து க்ரீம் மாதிரி வருது, என் அனுபவத்துல சாதாத் தண்ணில அந்த அழகு வரல.

மொத்தத் தண்ணியையும் ஒரே தடவையா கொட்டினா என்ன ஆகும்னா, கட்டி ஒரு பக்கம் தண்ணி ஒரு பக்கம் நிக்கும், அப்பவும் பயப்படாதீங்க, விடாம அடிச்சா சேந்துடும். நீர்த்துப் போச்சுன்னா இன்னொரு ஸ்பூன் தஹினி போட்டு அடிங்க. அஞ்சு நிமிஷம் விட்டு மறுபடி பாருங்க, வச்சா கெட்டியாகும், அதனால வேணுங்குறதைவிட ஒரு சுத்து தண்ணியாவே நிறுத்துங்க. உப்பு, புளிப்பு கடைசில பாருங்க. சப்புனு இருந்தா முதல்ல உப்பு போட்டுப் பாருங்க, எலுமிச்சையத் தேடிப் போகாதீங்க, நிறைய தடவ உப்புதான் குறைஞ்சிருக்கும்.

இதுக்கு மேல எதுவும் வேண்டாம்குறது என் கருத்து. எகிப்துல சீரகத்தூள் போடுவாங்க, கொஞ்சம் வினிகர் சேர்க்குறவங்களும் உண்டு, லெபனான்ல பார்ஸ்லி இலைய நிறைய பொடியா நறுக்கிப் போட்டு அதுக்கு பக்தூன்சியேன்னு தனிப் பேரே வச்சிருக்காங்க, அது பொரிச்ச மீனுக்கு அவ்வளவு பொருத்தம். மயோனைஸ் கலக்குறது, சர்க்கரை போடுறதெல்லாம் வேண்டாங்க, எள்ளு வாசனை செத்துப் போயிடும்.

எதுக்கெல்லாம் தொட்டுக்கலாம்னா, ஃபலாஃபெலுக்கு (கொண்டைக்கடலை அரைச்சுப் பொரிக்கிற வடை மாதிரி) இதுதான் ஜோடி. ஷவர்மால ஒரு வித்தியாசம் இருக்கு, அங்க சிக்கன் ஷவர்மாவுக்கு தூம்னு பூண்டு சாஸ், மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி ஷவர்மாவுக்குத்தான் தரத்தோர். எனக்கு ரொம்பப் பிடிச்சது காலிஃபிளவர், அங்க மாவு எதுவும் தோய்க்காம வெறுமனே எண்ணெயில நல்லா சிவக்கப் பொரிச்சு உப்பு தூவி தரத்தோரோட வைப்பாங்க, கோபி 65க்குப் பழகின என் பசங்களே அதைத்தான் இப்போ கேக்குறாங்க. சுட்ட கத்திரிக்காய் மேல ஊத்துங்க, அவிச்ச பீட்ரூட்டோட பிசைஞ்சு பாருங்க.

எள்ளு சிலருக்குக் கடுமையான அலர்ஜி, அமெரிக்காவுல 2023 ஜனவரி 1ல இருந்து உணவு பாக்கெட் லேபிள்ல கட்டாயம் சொல்ல வேண்டிய அலர்ஜிப் பொருள் பட்டியல்ல எள்ளையும் சேர்த்துட்டாங்க, அதனால விருந்தாளிக்கு வைக்கும்போது இதுல எள்ளு இருக்குன்னு வாயைத் திறந்து சொல்லிடுங்க, பாக்க தயிர்ப் பச்சடி மாதிரியே இருக்கும்.

தஹினி விழுதை ஈரமில்லாத கண்ணாடி பாட்டில்ல போட்டு ஃப்ரிட்ஜுல வச்சா ஒரு மாசம் தாராளமா இருக்கும், எண்ணெய் மேல பிரிஞ்சு நிக்கும், அதைக் கொட்டிராம அடிவரைக்கும் கிண்டி எடுங்க, கொட்டிட்டா அடியில மிஞ்சுறது வெறும் கட்டிதான். சாஸா கலக்கினது நாலு நாள், அதுவும் ஃப்ரிட்ஜுலதான், தண்ணி சேர்ந்த பொருள் வெளிய நிக்காது. மறுநாள் எடுத்தா மறுபடி இறுகியிருக்கும், என்ன பண்ணணும்னு உங்களுக்கே இப்போ தெரியும், ஒரு ஸ்பூன் ஜில் தண்ணி, ஃபோர்க், ஷ்வய் ஷ்வய்.