‘மா’ என்றதும் மாங்காய் பறிக்கப் போகாதீர்கள்

காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் பரணிலிருந்து இறங்கும் பழைய கணக்கு, கடிதங்களைப் படித்துக் கொடுப்பது என் வேலை. போன மாதம், புதிதாகச் சேர்ந்த தம்பி ஒரு ரங்கூன் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவன், “அண்ணே, இந்தச் செட்டியார் மாமியாருக்கே வட்டிக்கு விட்டிருக்காரு” என்றான். வாங்கிப் பார்த்தேன். ‘மாமியா பற்று’ என்று இருந்தது. மாமியார் இல்லை, மா மியா. பர்மாவில் இளம்பெண்ணின் பெயருக்கு முன்னால் அக்கா என்பதுபோல ‘மா’ சேர்ப்பார்கள். மியா அவள் பெயர். கடன் வாங்கிய பர்மாக்காரி, அவ்வளவுதான்.

சிரித்தேன். ஆனால் இருபது வருஷத்துக்கு முன்னால் இதே ‘மா’விடம் உதை வாங்கியவன் நான். கையெழுத்து விளங்காதது, தேதியைத் தப்பாகப் படிப்பது எல்லாம் பழகினால் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிட்டு, பழகியவரையும் கவிழ்க்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

தெரிந்த சொல்தானே என்று நம்புவது

ஒரு வீட்டுப் பாகப் பத்திரம். அந்த வீட்டு ஆச்சி, தன் மாமனார் பெயர் இருக்கும் வரியை மட்டும் படிக்கச் சொன்னார். ‘மும்மா’ என்று இருந்தது. மூன்று மா. எனக்கா தெரியாது? என் அம்மாவுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். அங்கே 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட். “ஆச்சி, உங்களுக்கு ஒரு ஏக்கர் நிலம் வரணும்” என்று சொல்லிவிட்டேன்.

சொன்னது ஒரு வரி. அதற்காக மகன் சிங்கப்பூரிலிருந்து லீவு போட்டு வந்தார். சர்வேயருக்குக் கூலி, வக்கீலுக்கு ஃபீஸ். ‘எங்கள் நிலத்தை எவன் விழுங்கினான்’ என்று பங்காளிகளோடு பேச்சுவார்த்தை நின்று, ஒரு கல்யாணத்துக்குப் போகாமல் இருந்து, எட்டு மாதம் ஓடியது. நிலம் எங்கேயும் இல்லை. கடைசியில் வயதான கணக்குப்பிள்ளை ஒருவர் பத்திரத்தை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தார். “தம்பி, இது கீழ்வாய்க் கணக்கு, பின்னம். மா என்றால் இருபதில் ஒன்று.”

மும்மா என்பது 3/20. வளவு வீட்டில், அதாவது பங்காளிகளின் பொது வீட்டில், இருபதில் மூன்று பங்கு. அது ஆச்சிக்கு முன்பே தெரியும்.

இன்றைக்கும் எரிச்சல் எதில் என்றால், விடை அதே தாளில் இருந்தது. மற்றவர்கள் பங்கு அரை, கால், இருமா. மும்மாவையும் சேர்த்துக் கூட்டினால் சரியாக ஒன்று வருகிறது. நான் கூட்டவில்லை. தெரிந்த சொல்லாயிற்றே, எதற்குக் கூட்ட வேண்டும்? தெரியாத சொல்லாக இருந்திருந்தால் நாலு பேரைக் கேட்டிருப்பேன். அதனால்தான் புதியவர்கள் ஒரு சொல்லைப் பார்த்து “இது தெரியும்ணே” என்று தாண்டும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

‘மாகாணி’யை மாகாணம் என்று எழுதுவது

மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. 1/20, 1/80 இரண்டையும் கூட்டினால் 1/16. சென்னை மாகாணத்துக்கு அதில் பங்கில்லை.

ஒலி ஒன்றுதானே என்று வாயைத் திறப்பது

பழைய சைகோன் கடைகளைப் பற்றிக் கேட்க வியட்நாம் அம்மாள் ஒருவர் வந்திருந்தார். எங்களோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, தென் வியட்நாமில் அம்மாவை ‘மா’ என்பார்கள் என்று எங்கேயோ படித்திருக்கிறாள். முகப்பில் மாட்டியிருந்த பழைய ஆச்சி படத்தைக் காட்டி, “மா, மா” என்றாள். வந்தவர் முகம் மாறிவிட்டது. குரலை ஏற்றிச் சொன்னால்தான் அம்மா. ஏற்றாமல் இறக்காமல் சொன்னால் பேய். வேறு விதமாக இழுத்தால் கல்லறை, குதிரை, நெல் நாற்று. தமிழில் எழுதினால் எல்லாமே ‘மா’தான்.

சீனத்தில் கதை தலைகீழ். அங்கே சமமாகச் சொன்னால் அம்மா, தாழ்த்தி எடுத்தால் குதிரை. தாய்லாந்தில் ‘வா’ என்பதும் நாயும் குதிரையும் இதே ‘மா’தான், குரல்தான் வேறு. இந்திக்காரர் வந்தால் பயமில்லை, அம்மாதான்.

‘உ’

கடிதத் தலையில் பிள்ளையார் சுழி. கணக்கில் இரண்டு. கொஞ்சம் நீட்டி ‘ஊ’ என்றால், பர்மாப் பெரியவர் பெயருக்கு முன்னால் சேர்க்கும் மரியாதை.

துணைக்காலை நம்புவது

பழைய கையெழுத்தில் துணைக்காலும் ‘ர’வும் ஒரே கோடு. புள்ளியும் வைக்க மாட்டார்கள். ‘மா’ என்று தெரிவது ‘மர’வாகவும் இருக்கலாம். நேற்று அதே பேரேட்டில் தம்பி இன்னொரு ‘மா மியா’வைக் கண்டுபிடித்து, அழகாகப் பிரித்து எழுதி வைத்திருந்தான். கடைசியில் இரண்டு கோடு இருந்தது. ஒன்று துணைக்கால், மற்றது ‘ர்’. இந்தத் தடவை மாமியாரேதான். தீபாவளிச் சேலைச் செலவு.