கடைசி மடிப்பில் தமிழ்: நான்கு மொழித் துண்டறிக்கையைப் பிழைபார்ப்பது எப்படி

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் ஓர் அச்சகத்தில் 27 ஆண்டுகள் தமிழ் எழுத்துக் கோத்தேன், மெய்ப்புப் பார்த்தேன். 'கோத்தேன்' என்று வாய் பழகிவிட்டது. நான் சேர்ந்த 1992இலேயே ஈய எழுத்துப் பெட்டிகள் மூலைக்குப் போய்க் கணினி வந்துவிட்டது. போன மாதம் என் அக்கா மகள் போன் செய்தாள். வடிவமைப்பு நிறுவனம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். வந்த மூன்றாம் நாளே, "உனக்குத்தான் தமிழ் தெரியுமே" என்று ஓர் அரசாங்கத் துண்டறிக்கையின் தமிழ்ப் பக்கத்தை அவள் மேசையில் வைத்துவிட்டார்களாம். "சின்னம்மா, எதைப் பார்க்கணும்?" என்றாள். ஒரு மணி நேரம் பேசினேன். அவளைப் போல மாட்டிக்கொண்டவர்கள் இன்னும் இருப்பார்கள் என்பதால் எழுதி வைக்கிறேன்.

முதலில், இந்தத் தாள் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு காலத்தில் அரசாங்க அச்சகமே எல்லாவற்றையும் அடித்தது. 1973இல் அது சிங்கப்பூர் நேஷனல் பிரின்டர்ஸ் என்ற நிறுவனமானது. 2008இல் ஜப்பானின் டோப்பான் அதை வாங்கியது. இன்று ஓர் அமைச்சுக்குத் துண்டறிக்கை வேண்டுமென்றால், ஜீபிஸ் எனும் அரசாங்கக் கொள்முதல் தளத்தில் விலை கேட்பார்கள். வடிவமைப்பு ஒருவருக்கு, அச்சு ஒருவருக்கு, விநியோகம் இன்னொருவருக்கு என்று போகும். எல்லாவற்றுக்கும் மூலம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, பிறகு மூன்று மொழிகளுக்குப் பெயர்க்கப்படும். நீங்கள் உட்கார்ந்திருப்பது அந்த வரிசையின் வால் பக்கம்.

சட்டம் வேறு, துண்டறிக்கை வேறு. அரசிதழும் சட்டங்களும் ஆங்கிலத்தில் வருகின்றன. இப்போது இணையத்திலேயே படிக்கலாம். அரசமைப்புச் சட்டத்தின் 153ஏ பிரிவு மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் நான்கையும் அதிகாரத்துவ மொழிகள் என்கிறது. ஆனாலும் புதிய திட்டம் ஒன்று தமிழ் மட்டும் படிக்கிற ஒருவரிடம் போய்ச் சேர்வது துண்டறிக்கை, கடிதம், நாளிதழ், வானொலி வழியாகத்தான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. எண்ணிக்கை குறைவு என்பதால் அலட்சியம் செய்யலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது நேர்மாறு: மற்ற பக்கங்களில் பிழை இருந்தால் நூறு பேர் கத்துவார்கள். நம் பக்கத்தில் உங்கள் கண்ணுக்குத் தப்பினால், தபால் பெட்டிவரை யார் கண்ணிலும் படாது.

சரி, வேலைக்கு வருவோம்.

ஒற்றுக்கு முன் தேதி

பிழை பார்ப்பது என்றால் க், ச், த், ப் போடுவது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஒற்று முக்கியந்தான். ஆனால் ஒற்று விட்டுப்போனதால் யாருக்கும் பணம் வராமல் போனதில்லை. முதல் வாசிப்பில் ஒற்றைத் தொடாதீர்கள். எண், தேதி, வயது, தொகை, தொலைபேசி எண், முகவரி ஆகியவற்றை மட்டும் ஆங்கிலப் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். ஒருவர் ஆங்கிலத்தைச் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் தமிழில் விரல் வைத்துப் பார்ப்பது நல்லது. தனியாக இருந்தால் தாளைத் தலைகீழாகத் திருப்பி எண்களை மட்டும் பாருங்கள். சொற்கள் கண்ணை இழுக்காது.

தேதியை ஒட்டி வரும் சிறு சொல்தான் ஆபத்து. முதியவர்களுக்குச் சலுகைகள் தர 2014இல் வந்த முன்னோடித் தலைமுறைத் தொகுப்புத்திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1949 டிசம்பர் 31 அன்றோ அதற்கு முன்போ பிறந்து, 1986 டிசம்பர் 31 அன்றோ அதற்கு முன்போ குடியுரிமை பெற்றவர்களுக்கு அது. இதைச் சுருக்குகிறேன் என்று '1949க்கு முன் பிறந்தவர்கள்' என எழுதினால், 1949இல் பிறந்த அத்தனை பேரையும் ஒரே வரியில் வெளியே தள்ளியாயிற்று. பின்னால் வந்த மெர்டேக்கா தலைமுறைத் தொகுப்புத்திட்டம் 1950 முதல் 1959 வரை பிறந்தவர்களுக்கு. அங்கே '1950க்குப் பின்' என்று எழுதினாலும் இதே கதைதான். 'அன்றோ அதற்கு முன்போ' என்பது நீளமாக இருக்கிறது என்று வடிவமைப்பாளர் முகம் சுளிப்பார். விட்டுக்கொடுக்காதீர்கள்.

'31ஆம் தேதிக்குள்' என்பதும் எனக்குப் பிடிக்காது. 31 சேருமா, சேராதா? '31ஆம் தேதி வரை' என்றால் சண்டையில்லை. 'இரவு 12 மணி' என்று பார்த்தால் 'இரவு 11.59' என்று மாற்றலாமா என்று கேட்டு எழுதுங்கள். நீங்களாக மாற்றக்கூடாது.

இதில் நான் சூடுபட்டவள். 2002 மார்ச்சில் நம் வீட்டுத் தொலைபேசி எண்களுக்கு முன்னால் 6 சேர்ந்து ஏழு இலக்கம் எட்டாயிற்று. அந்த ஆண்டு ஒரு பழைய துண்டறிக்கையை மறுபடி அடிக்க வந்தார்கள். எந்த அலுவலகம் என்பதை விடுங்கள். மூன்று மொழிப் பக்கங்களில் எண்ணைத் திருத்தி அனுப்பினார்கள். தமிழ்ப் பக்கம் போன முறை கோப்பிலிருந்து அப்படியே வந்தது. நானும் 'போன தடவை பார்த்ததுதானே' என்று மேலோட்டமாகக் கண்ணை ஓட்டிக் கையெழுத்துப் போட்டேன். அச்சாகி, மடித்து, கட்டுப் போட்ட பிறகு பைண்டிங் பிரிவில் இருந்த மலாய் அக்கா ஒருவர், தமிழே தெரியாதவர், "இதுல மட்டும் ஏன் ஏழு நம்பர்?" என்றார். இரண்டு ராத்திரி உட்கார்ந்து எல்லாரும் ஸ்டிக்கர் ஒட்டினோம். அன்றிலிருந்து, 'மாற்றமில்லை' என்று வரும் பக்கத்தைத்தான் நான் முதலில் படிப்பது.

சொல்

கலைச்சொல்லை நீங்களே ஆக்காதீர்கள். அமைச்சுகள், கழகங்கள், திட்டங்களின் பெயர்களுக்கு அரசாங்கத்தின் மொழிபெயர்ப்புச் சொல் தளம் இருக்கிறது. 2014இல் தேசிய மொழிபெயர்ப்புக் குழுவும் அமைக்கப்பட்டது. அந்தத் தளத்தில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் நம் ஊர் நாளிதழான தமிழ் முரசு எப்படி எழுதுகிறது என்று பாருங்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், மத்திய சேமநிதி, நகர மன்றம், சமூக மன்றம் எல்லாம் நம் ஊரில் வேர்விட்ட சொற்கள். தமிழ்நாட்டு வழக்கைக் கொண்டுவந்து 'டிஜிட்டல்' என்றோ 'சதவீதம்' என்றோ மாற்ற வேண்டாம். இங்கே மின்னிலக்கம், விழுக்காடு.

ஆனால் நம் சொல் எல்லாருக்கும் புரியும் என்றும் நம்பிவிடாதீர்கள். 'பற்றுச்சீட்டு' என்றால் நமக்கு வவுச்சர். தஞ்சாவூரிலிருந்து வந்து எங்கள் புளோக்கில் குடியேறிய தம்பிக்கு அது பணம் கட்டியதற்கான ரசீது. சமூக மேம்பாட்டு மன்றத்தின் (சிடிசி) பற்றுச்சீட்டுக் கடிதத்தை, வரி கட்டியதற்கு ரசீது வந்திருக்கிறது என்று அவர் அம்மா பத்திரமாகக் கோப்பில் வைத்திருந்தார். இதற்குச் சொல்லை மாற்றுவது தீர்வல்ல. அடுத்த வாக்கியத்தில் வேலையைச் சொல்லுங்கள்: 'இதைக் காட்டி உணவங்காடியில், கடையில் செலவு செய்யலாம்.'

வாக்கியத்தில் ஆங்கிலம் படுத்திருக்கும். எழுப்பி அனுப்புங்கள். ஒருமுறை இப்படி வந்தது: 'தகுதிபெறும் தனிநபர்களுக்கு விண்ணப்பிக்க வேண்டிய அவசியமின்றித் தொகை வரவு வைக்கப்படும்.' என் மாமியாரிடம் படித்துக் காட்டினேன். "வரவு வைக்கணும்னா நாமதான் பேங்குக்குப் போய் வைக்கணுமா?" என்றார். நான் எழுதிக் கொடுத்தது: 'நீங்கள் விண்ணப்பிக்க வேண்டாம். பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும்.' மூலத்தில் இல்லாததைச் சேர்க்கவில்லை, இருந்ததை விடவில்லை. அதிகாரி ஒப்புக்கொண்டார். மாமியார் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பிடியுங்கள். படித்து முடித்ததும் "புரிஞ்சுதா" என்று கேட்கக்கூடாது, மரியாதைக்காக ஆமாம் என்பார்கள். "இப்ப நீங்க என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள்.

எழுத்து உடைவது

மொழிபெயர்ப்பாளர் சரியாகக் கொடுத்திருப்பார். வடிவமைப்பாளர் அதை வெட்டி ஒட்டும்போது கொம்பு எழுத்தைத் தாண்டி வலப்பக்கம் போய் நிற்கும், ஒற்றைக்கொம்பும் காலும் பிரிந்து கிடக்கும், புள்ளி அடுத்த எழுத்தின் தலையில் ஏறும். ஊர் சிரிக்கும் தமிழ்ப் பலகைகளில் பாதி இந்த வகைதான். மொழிபெயர்ப்பாளரைத் திட்டுவார்கள், பாவம்.

இன்டிசைன் மென்பொருளில் வேலை என்றால், பத்தி அமைப்பில் 'வேர்ல்ட்-ரெடி' என்று தொடங்கும் காம்போசரை (எழுத்துகளை வரியில் அடுக்கும் முறை) தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் விருப்பத்தேர்வுகளுக்குள் எழுத்துப் பகுதியில் 'இண்டிக்' தெரிவை இயக்கி, தெற்காசிய காம்போசரை எடுக்க வேண்டும். இவ்வளவுதான் மருந்து. யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் கோப்பு வந்தால் வேறு கணினியில் முழுவதும் குப்பையாகத் தெரியும். அதை ஒட்டுப்போடாமல் யூனிகோடில் மறுபடி கேட்டு வாங்குங்கள். அச்சுக்குப் போகும்முன் எழுத்தைக் கோட்டுருவமாக (அவுட்லைன்) மாற்றிவிடச் சொல்லுங்கள். மாற்றிய பிறகு இன்னொரு முறை படியுங்கள், ஏனென்றால் மாற்றும்போதும் உடைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சோதிக்க முழுப் பக்கமும் வேண்டாம். 'கொ', 'கோ', 'கெ', 'கே', 'கை', 'கௌ' வரும் இடங்களைத் தேடிப் பாருங்கள். அவை சரியென்றால் பெரும்பாலும் எல்லாம் சரி.

இடமும் மையும்

ஆங்கிலத்துக்குத் தேவைப்படும் இடத்தைவிடத் தமிழுக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேண்டும். சீனத்துக்குப் பாதி போதும். ஆனால் ஏ4 தாளை மூன்றாக மடித்தால் நால்வருக்கும் ஒரே 99 மில்லிமீட்டர் அகலம்தான் கிடைக்கும். இடம் போதாதபோது முதலில் கரைவது தமிழ் எழுத்தின் அளவு. ஒன்பது பாயின்ட் அளவில் தமிழை 70 வயதுக்காரர் படிக்க முடியாது. பதினொன்றுக்குக் கீழே நான் கையெழுத்துப் போடமாட்டேன். சுருக்க வேண்டுமென்றால் அலங்காரப் படத்தைச் சுருக்குங்கள் என்று தைரியமாகச் சொல்லலாம். நான்கு முறை சொன்னால் ஒரு முறை கேட்பார்கள்.

அடர்ந்த நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்து பார்க்க அழகாக இருக்கும். அச்சில் மை கசிந்தால் முதலில் மூடிப்போவது நம் புள்ளி. 'பெற்றோர்' 'பெறறோர்' ஆகும். வெள்ளை எழுத்தைத் தலைப்போடு நிறுத்தச் சொல்லுங்கள். உள்ளே உள்ள கறுப்பு எழுத்து கறுப்பு மையில் மட்டும் இருக்கட்டும். நான்கு மை சேர்த்த கறுப்பில் அச்சுத் தகடு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் சுழிகளுக்குச் சிவப்பு நிழல் விழும்.

திரையில் மட்டும் பார்த்து ஒப்புதல் தராதீர்கள். தாளில் எடுத்து, மடித்து, கையில் பிடித்துப் பாருங்கள். மடிப்புக் கோடு தொலைபேசி எண்ணின் மேல் விழுகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

எங்கே படிக்கப்போகிறார்கள்

இதைக் கேட்காமல் வேலையைத் தொடங்குவதுதான் பெரிய தவறு. தபால் பெட்டிக்குப் போகும் தாளை வீட்டில் உட்கார்ந்து, கண்ணாடி மாட்டிப் படிக்கிறார்கள். அதில் விவரம் இருக்கலாம். மின்தூக்கிப் பக்கத்து அறிவிப்புப் பலகைக்குப் போவது வேறு. கையில் சந்தைப் பை, பக்கத்தில் பேரன், நின்றபடி படிக்க வேண்டும். எங்கே, எப்போது, எதைக் கொண்டுவர வேண்டும் என்ற மூன்று வரிக்கு மேல் போகாது. 2020 பிப்ரவரியில் வீட்டுக்கு நான்கு முகக்கவசம் கொடுத்தபோது எங்கள் மாடிக்காரர்கள் அறிவிப்பைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். படமெடுத்தால் தெளிவாகத் தெரியுமா என்றும் பாருங்கள்.

வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிக்குப் போகிற தாளென்றால் படிப்பவர் புதுக்கோட்டையிலிருந்து வந்த 25 வயதுத் தம்பி. அவருக்கு மத்திய சேமநிதி தெரியாது, சின்ன எழுத்தும் பிரச்சினையில்லை. வேலை அனுமதிச் சீட்டை அவர் 'பெர்மிட்' என்றுதான் சொல்வார். ஒரே தமிழ் இரண்டு கூட்டத்துக்கும் போதும் என்று சொல்பவர்களிடம் வாதாடிப் பாருங்கள்.

தாள் மட்டும் போதாது என்பது அரசாங்கத்துக்கும் தெரியும். முன்னோடித் தலைமுறைத் திட்டத்துக்கு வீடு வீடாகப் போய் விளக்கத் தொண்டூழியர்களை அனுப்பினார்கள். சிடிசி பற்றுச்சீட்டும் மின்னிலக்கமாகத்தான் வருகிறது. கைப்பேசி இல்லாதவர்கள் சமூக மன்றத்துக்குப் போய் அச்செடுத்துக்கொள்ளலாம். அந்தத் தொண்டூழியர் கையில் இருப்பதும் நீங்கள் பிழைபார்த்த பக்கம்தான், அதனால் அவர் வாயில் நுழையாத வாக்கியம் ஒன்றாவது இருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை உரக்கப் படியுங்கள்.

அச்சு முடிந்தபின் ஒரு வேலை பாக்கி. சிங்கப்பூரில் வெளியாகும் அச்சுப் பிரசுரத்தில் இரண்டு படிகளை நான்கு வாரத்துக்குள் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். வெளியிடுபவரின் பொறுப்பு அது. மறந்துவிடுவார்கள் என்பதால் எங்கள் அச்சகத்தில் நானே உறையில் போட்டு வாடிக்கையாளரிடம் நினைவூட்டிக் கொடுப்பேன். போடும்போது தமிழ்ப் பக்கம் மேலே வரும்படி மடிப்பை மாற்றி வைப்பேன். யாரும் இதுவரை ஏனென்று கேட்டதில்லை.