மாரி வருது, அலர்ஜி உள்ள வீட்டில சமையல்ல விடுற பிழைகள்

புரட்டாதியோட கச்சான் காத்து ஓய்ஞ்சா இனி வாடைதான். லண்டன்ல இரிக்கிற தங்கச்சி இலை கொட்டத் தொடங்கிட்டு அக்கா எண்டுறா, நமக்கு மட்டக்களப்பில கொட்டுறது மழைதான். கடல் கொந்தளிச்சா தோணி போகாது, மீன் விலை ஏறும், மறுகா கருவாடு, டின் மீன், வாவி இறால் எண்டு சட்டிக்குள்ள போறது மாறும். எங்கட மூத்தவனுக்கு இறாலும் நண்டும் ஒத்துவராது, சின்னவளுக்குப் பசுப்பால். வருசம் முழுக்கக் கவனமா இரிந்திட்டு இந்த மூணு மாசத்துலதான் நான் பிழை விட்டிரிக்கன், ஏனெண்டா வழக்கமாச் சமைக்கிறதுல பிழை வாறல்ல, அது இல்லாம அதுக்குப் பதிலா என்னத்தையோ எடுக்கிறம் பாருங்க, அங்கதான்.

முதல் பிழை கூனி, அந்தப் பொடி இறால். போன மாரியில மூணு நாளா மீன் இல்ல, பக்கத்து வீட்டு மாமி அன்பா ஒரு கிண்ணம் சம்பல் தந்தா, இறால் போடல்ல புள்ள எண்டு சத்தியமும் பண்ணினா, அவவுக்குக் கூனி வேற இறால் வேற. ரெண்டு வாய்தான் திண்டான், சொண்டு வீங்கிட்டு. இறால், நண்டு, கூனி எல்லாத்துலயும் ட்ரோபோமயோசின் எண்டு ஒரு புரதம் இரிக்கு, அது சூட்டுக்கு அழியாது, வறுத்தாலும் காயவச்சாலும் அப்பிடியேதான். இன்னொண்டு, சாரல் அடிக்குது எண்டு குசினி யன்னலப் பூட்டிப்போட்டு இறால் அவிப்பம், அந்த ஆவியே சில பேருக்கு இழுப்பைக் கிளப்பிவிடும். நாங்க இறாலை அடுப்பில வைக்கிறதையே விட்டுட்டம், இவருக்கு ஆசையெண்டா கடையில திண்டுட்டு வாயையும் கையையும் கழுவிட்டு வரட்டும். இறால் வடை பொரிச்ச எண்ணெயில பருப்பு வடையும் பொரிப்பாங்க, அதையும் பாக்கணும்.

நம்மட ஆக்கள் எல்லாத்துக்கும் கிரந்தி எண்டு ஒரே சொல்லைப் போடுறதும் பெரிய கரைச்சல். கத்தரிக்காய் திண்டு வாய் கடிச்சாலும் கிரந்தி, மூச்சு அடைச்சாலும் கிரந்தி. அதால ஒரு பக்கம் ஆபத்தை லேசா எடுக்கிறது, மறுபக்கம் தேவையில்லாம எல்லாத்தையும் நிப்பாட்டிப் புள்ளைய மெலிய வைக்கிறது. இறால் ஒத்துவராட்டி மீனும் ஒத்துவராது எண்டில்ல, மீன்ல அலர்ஜி குடுக்கிற புரதம் வேற. டொக்டரிட்டக் கேட்டுப்போட்டு மூத்தவனுக்கு மீன் குடுக்கிறம். மீனே ஆகாத வீடெண்டா மாசிக் கருவாட்டப் பாருங்க, சீனிச் சம்பல்ல அது ஒளிஞ்சிரிக்கும்.

கரண்ட் போய்ப் போய் வாற நாளில ஐஸ் பெட்டியில கிடந்த சூரையத் திண்டுட்டு மூஞ்சி சிவந்து உடம்பு கடிச்சா அது அலர்ஜியாத்தான் இரிக்கணும் எண்டில்ல. குளிர் போதாத சூரையில ஹிஸ்டமின் எண்டு அலர்ஜி மாதிரிக் காட்டுற ஒரு பொருள் கூடிரும், எவ்வளவு கொதிக்க வச்சாலும் போகாது. அப்பிடி மீனை வீசிருங்க, காசு போனாப் போகுது.

பாலுக்கு வாறன். பசுப்பால் ஆகாதெண்டா எருமைத் தயிர் குடு, ஆட்டுப்பால் குடு எண்டு எத்தின பேர் சொல்லிட்டாங்க, அந்தப் புரதங்கள் கிட்டத்தட்ட ஒண்டுதான், கூடாது. ஆனா தேங்காய்ப்பால் பாலே இல்ல, சொதிய ஏன் நிப்பாட்டுறீங்க? தீபாவளிப் பலகாரம் வரக்குள்ளயும் பால்மா, கஜு, கச்சான் கடலை போட்டதா எண்டு கேட்டுட்டுக் குடுங்க.

கிழமைச் சமையலுக்கு நாளுக்கு ஒரு கறிதான் எழுதி வைக்கிறதும் பிழை. நான் ஞாயித்துக்கிழமை பின்னேரம் ஒவ்வொரு நாளுக்கும் ரெண்டு எழுதுவன், மீன் கிடைச்சா ஒண்டு, கிடைக்காட்டி ஒண்டு. செவ்வாய்க்கு மீன் ஆணம், இல்லாட்டி முட்டைச் சொதியும் முருங்கயிலைச் சுண்டலும். கருவாடு மாரிக்கு முந்தியே தெரிஞ்ச ஆளிட்ட வாங்கிருவன், இறாலும் மீனும் ஒரே படங்கில காயப்போடாத ஆள்.

மருந்து விசயத்துல ஒண்டு, செற்றிரிசின் குளிசை உடம்புக் கடி, சொறிக்குத்தான். தொண்டை இறுகி மூச்சு வாங்கினா, தலை சுத்திச் சரிஞ்சா அது போதாது, அட்ரினலின் ஊசி தேவை, பாத்துக்கொண்டு நிக்காம 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடிங்க. றோட்டுல தண்ணி ஏறிட்டா அம்புலன்ஸ் வர சுணங்கும், அதால வெள்ளம் வரமுந்தியே நான் மூத்தவன மேட்டுப்பக்கம் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிருவன், அங்க மச்சான்மாரோட விளையாடலாமெண்டு அவனுக்குச் சந்தோசம். அண்ணிக்கு முதல் சொல்லிவிடுறது, கூனிப் போத்தலத் தூக்கி ஒளிச்சு வையுங்க எண்டுதான்.