செஞ்சிப் பாறைக் குன்றுகளுக்கு நாயுடன் செல்வோர் கவனத்திற்கு

புதுச்சேரியிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டரில், உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும் செஞ்சிக் குன்றுகளுக்கு வளர்ப்பு நாயுடன் செல்ல விரும்புவோர், விடியற்காலையிலேயே ஏறத் தொடங்கி, வெயில் சுள்ளென்று உறைக்கும் முன் இறங்கிவிடுவது நல்லது. கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால், நாயை அனுமதிப்பார்களா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கருங்கற்பாறை வெயிலில் வெகுவாகச் சூடேறும். புறங்கையை அதன்மீது 7 விநாடி வைத்துப் பாருங்கள். நமக்குப் பொறுக்கவில்லையெனில் நாயின் பாதத்திற்கும் பொறுக்காது. நம்மைப்போல் நாய்க்கு உடல் முழுதும் வியர்ப்பதில்லை, பெரும்பாலும் மூச்சிரைத்தே சூட்டைத் தணித்துக்கொள்கிறது என்பதால், நிழல் கண்ட இடத்திலெல்லாம் நின்று கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள். சுனைகளில் தேங்கிய நீரைக் குடிக்க விடாதீர்கள். எலிக்காய்ச்சல் அதன்வழியே தொற்றக்கூடும். எச்சில் கெட்டியாகி, ஈறு கருஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால் அது வெப்பத் தாக்கம்: உடனே நிழலில் கிடத்தி, உடலை நனைத்து விசிறியபின், தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். பக் போன்ற சப்பை மூக்கு இனங்களை இத்தகைய ஏற்றத்திற்கு அழைத்துச் செல்லாமலிருப்பதே நாம் அவற்றுக்குச் செய்யும் நன்மை.

கழுத்துப் பட்டையைவிட மார்புப் பட்டையே மேல். பாறை இடுக்கில் கால் சிக்கினால் தூக்கிவிட எளிது. குரங்குகள் மிகுந்த இடமாதலால் கயிற்றை ஒருபோதும் அவிழ்க்காதீர்கள். வீடு திரும்பியதும் விரலிடுக்குகளில் முள்ளும், காதுமடலின் உட்புறத்தில் உண்ணியும் உள்ளனவா என்று பார்த்துவிடுங்கள்.