34.5-க்கு ஓர் இடம்

எங்கள் அறக்கட்டளைக்குப் பெரம்பூர், கொளத்தூர், வியாசர்பாடி என மூன்று இடங்களில் பள்ளி இருக்கிறது. நான் கணக்கு டீச்சர். மூன்று பள்ளிகளின் தேர்வு மென்பொருளும் என் பொறுப்பு. மார்க்கை வைத்துப் பிள்ளைகளை நிலை நிலையாகப் பிரிப்பது அதில்தான். ஒரு காலாண்டுத் தேர்வு முடிந்ததும் கடைசி நிலையில் இருந்தவர்களின் பட்டியலை எடுத்து மாலை ஸ்பெஷல் கிளாஸ் ஆரம்பித்தோம். நான்கு பிள்ளைகள் அந்தப் பட்டியலில் வரவேயில்லை. நான்கு பேருமே 34.5 மார்க். கடைசி நிலையை 0 முதல் 34 வரை என்றும், அடுத்ததை 35 முதல் 59 வரை என்றும் நான்தான் போட்டிருந்தேன். நடுவில் இருந்த அரை மார்க்குக்கு இடமே இல்லை. "எம்பொண்ண மட்டும் ஏன் மிஸ் கூப்பிடல?" என்று ஓர் அம்மா வந்து கேட்டபோதுதான் கண்டுபிடித்தோம். அதற்குள் ஐந்து வாரம் போய்விட்டது. இன்னொரு பள்ளியில் இது நடக்கக் கூடாது என்பதற்காகவே, இந்த நிலைகளை எப்படி அமைப்பது என்று எழுதுகிறேன்.

மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். எத்தனை நிலை, என்ன பெயர் என்று முதலில் அதில் முடிவாகட்டும். நான்கு போதும் என்பது என் அனுபவம். ஐந்து, ஆறு என்று போனால் பக்கத்துப் பக்கத்து நிலைகளுக்கு என்ன வித்தியாசம் என்று ஆசிரியர்களாலேயே சொல்ல முடிவதில்லை. பெயரில் கவனம் வேண்டும். 2022-ல் 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை வந்த தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று வைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த பெயர்கள் அவை. இன்றைக்கு அரும்பாக இருப்பது நாளைக்கு மொட்டாகும் என்பது பெயரிலேயே இருக்கிறது. நாங்கள் தொடக்கம், வளர்ச்சி, நன்று, மிக நன்று என்று வைத்துக்கொண்டோம்.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், அந்த நிலையில் உள்ள பிள்ளைக்கு என்ன தெரியும் என்று எழுதுங்கள். எட்டாம் வகுப்புக் கணக்கில் 'வளர்ச்சி'க்கு நாங்கள் எழுதியது: சமன்பாட்டைக் கொடுத்தால் போட்டுவிடுவார், வாக்கியக் கணக்கைச் சமன்பாடாக மாற்றத் திணறுவார். இதைப் படிக்கும் ஆசிரியருக்கு அடுத்து எதை நடத்துவது என்று புரிய வேண்டும்.

அப்புறம்தான் கட் மார்க், அதாவது ஒரு நிலை எந்த மார்க்கில் தொடங்குகிறது என்ற எல்லை. 35, 60, 80 என்று வழக்கமாகப் போடும் எண்களை அப்படியே எடுக்காதீர்கள். 1971-ல் அமெரிக்கத் தேர்வு ஆய்வாளர் வில்லியம் ஆங்காஃப் எழுதியதிலிருந்து வந்த ஒரு முறை உலகம் முழுக்கப் பயன்படுகிறது. பள்ளியிலேயே செய்யலாம், செலவே கிடையாது. அந்தப் பாடம் எடுக்கும் ஐந்தாறு ஆசிரியர்களைக் கேள்வித்தாளோடு உட்கார வையுங்கள். 'நன்று' நிலைக்குள் இப்போதுதான் காலை வைத்திருக்கும் பிள்ளைகள் பத்துப் பேரை மனதில் நினைக்கச் சொல்லுங்கள். இரண்டு மார்க் கேள்வியில் அந்தப் பத்துப் பேரில் ஆறு பேர் சரியாகப் போடுவார்கள் என்று தோன்றினால் 1.2 என்று குறிக்க வேண்டும். ஐந்து மார்க் கேள்வியில் மூன்று பேர் என்றால் 1.5. எல்லாக் கேள்விக்கும் குறித்துக் கூட்டினால் அந்த ஆசிரியரின் கட் மார்க் வரும். எல்லாருடையதற்கும் சராசரி எடுங்கள்.

முதல் சுற்றில் எங்களுக்கு 48-லிருந்து 61 வரை வந்தது. 61 போட்ட ஆசிரியர் மனதில் இருந்தது அவர் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காரும் பிள்ளைகள். எந்தக் கேள்வியில் கருத்து பிரிந்தது என்று பேசிவிட்டு இரண்டாவது சுற்று போனோம், 54-ல் நின்றது. இந்தப் பேச்சுக்கு ஒரு முழு மதியம் ஒதுக்குங்கள். பிள்ளைகளைப் பற்றி நாங்கள் அவ்வளவு நேரம் சேர்ந்து பேசியது அன்றுதான்.

இனி மென்பொருள். நிலைகளை ஒரு தொகுப்பாக உருவாக்கி, பிறகு தேர்வோடு இணைக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு நிலைக்கும் கீழ் எல்லையை மட்டும் கேட்டால் நிம்மதி. மேல் எல்லையும் கேட்டால் 34 என்று நிறுத்தாமல் 34.99 என்று போடுங்கள். எல்லை சதவீதத்திலா, மார்க்கிலா என்று பாருங்கள். சதவீதத்தில் வைத்த 35-ஐ மென்பொருள் மார்க் என்று எடுத்துக்கொண்டால், 50 மார்க் தேர்வில் 34 வாங்கியவர்கூட 'தொடக்கம்' ஆகிவிடுவார். ஆப்சென்ட் ஆனவருக்கு 0 போடாதீர்கள், அதற்குத் தனிக் குறி இருக்கும்.

மாநிலப் பாடத்திட்டப் பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு மட்டும் தனிக் கவனம். எழுத்துத் தேர்வு 75-ல் 20, செய்முறை 25-ல் 15 எடுத்தால்தான் தேர்ச்சி. எழுத்தில் 18, செய்முறையில் 22 வாங்கிய பிள்ளைக்கு மொத்தம் 40. மொத்தத்தை மட்டும் பார்க்கும் மென்பொருள் அந்தப் பிள்ளையை 35-க்கு மேலே காட்டும், உண்மையில் தேர்ச்சி இல்லை. இரண்டையும் தனித் தேர்வுகளாக வைத்து இரண்டுக்கும் எல்லை கொடுங்கள்.

நிறமும் தேர்ந்தெடுக்கச் சொல்லும். பச்சை, மஞ்சள் எல்லாம் திரையில் அழகுதான், ஜெராக்ஸ் எடுத்தால் எல்லாமே சாம்பல். பெயரும் அச்சாகிறதா என்று பாருங்கள்.

சரி, எல்லாம் போட்டாயிற்று. உண்மையான மார்க்கை ஏற்றுவதற்கு முன் 'சோதனை 1', 'சோதனை 2' என்று பொய்ப் பெயர்களில் ஒரு வகுப்பு உருவாக்குங்கள். 0, 34, 34.5, 35, ஒவ்வொரு எல்லைக்கும் அரை மார்க் கீழே, சரியாக எல்லையில், அரை மார்க் மேலே, பிறகு 100, கடைசியாக ஓர் ஆப்சென்ட். ஒவ்வொரு நிலையிலும் எத்தனை பேர் என்று கூட்டி, ஆப்சென்ட் தவிர மீதி எல்லாரும் வந்துவிட்டார்களா என்று எண்ணுங்கள். பத்து நிமிட வேலை. இதை அன்றே செய்திருந்தால் அந்த நான்கு பேரும் முதல் நாளே வகுப்புக்கு வந்திருப்பார்கள்.

அடுத்த வருடம் கட் மார்க் மாறினால் பழைய தொகுப்பைத் திருத்தாதீர்கள். நகல் எடுத்து, வருடத்தைப் பெயரில் சேர்த்து, நகலில் மாற்றுங்கள். பழையதிலேயே கை வைத்தால் போன வருட ரிப்போர்ட்டும் சேர்ந்து மாறக்கூடும். வீட்டில் இருக்கும் பிராக்ரஸ் கார்டில் 'நன்று', நம் திரையில் 'வளர்ச்சி' என்று இருந்தால் பெற்றோருக்கு என்ன பதில் சொல்வது?