'இனவெறி நாடுகள்' வரைபடம் வந்தால் ஃபார்வர்ட் செய்யும் முன்

அந்த வரைபடத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இந்தியா கருஞ்சிவப்பு, ஸ்வீடன் நீலம், மேலே 'உலகிலேயே அதிக இனவெறி உள்ள நாடுகள்' என்று தலைப்பு. கீழே வழக்கமான சண்டை: "நம்ம ஆளுங்களைப் பத்தித் தெரியாதா" என்று பாதிப் பேர், "வெள்ளைக்காரன் நமக்குப் பாடம் எடுக்கிறானா" என்று மீதிப் பேர். அந்த நிறங்களுக்குப் பின்னால் இருக்கும் எண் எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை. பார்ப்பது பெரிய வேலையும் இல்லை.

முதலில் என்ன கேள்வி கேட்டார்கள் என்று தேடுங்கள். இந்த மாதிரி வரைபடங்களில் பல, பல நாட்டு மக்களிடம் ஒரே கேள்விகளைக் கேட்கும் 'வேர்ல்ட் வேல்யூஸ் சர்வே' என்ற கருத்தாய்விலிருந்து வருபவை. அதில் ஒரு பட்டியலைக் காட்டி, இதில் யாரெல்லாம் பக்கத்து வீட்டுக்கு வரக் கூடாது என்று கேட்பார்கள். போதைக்கு அடிமையானவர்கள், குடிகாரர்கள், எய்ட்ஸ் உள்ளவர்கள், கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்கள், வேறு மதத்தினர் என்று போகும் பட்டியலில் 'வேறு இனத்தவர்' என்பதும் ஒரு வரி, அவ்வளவுதான். அதைக் கேட்டதும் அமெரிக்க வெள்ளையருக்குக் கறுப்பர் ஞாபகம் வரலாம். நம் ஊர்க்காரருக்கு வேறு சாதியா, வடக்கத்திக்காரரா, ஆப்பிரிக்க மாணவரா, யார் ஞாபகம் வந்தார் என்று கேட்டவருக்கே தெரியாது.

அதனால் அந்த நாட்டில் மக்களைப் பிரிக்கும் உண்மையான கோடு எங்கே ஓடுகிறதோ அதைப் பற்றிய கேள்வியைத் தேடிப் பிடியுங்கள். இந்தியாவுக்கு அது சாதி. 2019-20இல் அமெரிக்காவின் ப்யூ ஆய்வு மையம் இங்கே கிட்டத்தட்ட 30,000 பேரிடம் கேட்டபோது, பட்டியல் சாதியைச் சேராதவர்களில் 72 சதவீதம் பேர் தலித் ஒருவர் பக்கத்து வீட்டில் இருக்கலாம் என்றார்கள். பரவாயில்லையே என்று நினைப்பதற்குள், அதே ஆய்வில் சாதி மாறிக் கல்யாணம் செய்வதைத் தடுப்பது மிக முக்கியம் என்று 60 சதவீதத்துக்கும் மேல் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து வீடு வரைக்கும் சரி, சம்பந்தம் என்றால் முடியாது. வெறும் பக்கத்து வீட்டுக் கேள்வியை மட்டும் வைத்து ஒரு நாட்டை எடைபோட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. சிங்கப்பூரில் கதை இன்னும் வேறு. அங்கே 1989 முதல் வீவக (அரசு கட்டும் அடுக்குமாடி) வீடுகளில் எந்த இனத்தவர் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கே வரம்பு உண்டு, அதனால் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பது விருப்பத்தை மட்டும் பொறுத்ததல்ல.

அடுத்து, ஏதாவது ஒரு எண் அநியாயத்துக்குப் பெரிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள். 2013இல் அமெரிக்க நாளிதழான வாஷிங்டன் போஸ்ட் போட்ட வரைபடத்தில், வேறு இனத்தவர் பக்கத்து வீட்டில் வேண்டாம் என்றவர்கள் 70 சதவீதத்தைத் தாண்ட, ஹாங்காங்கும் வங்கதேசமும் முதலிடத்தில் நின்றன. பிறகுதான் தரவிலேயே பிழை என்று தெரிந்தது. திருத்திப் பார்த்தால் இரண்டும் 30க்குக் கீழே. திருத்தம் வந்தபின்னும் பழைய படம்தான் சுற்றியது, அதைச் சொல்லவே வேண்டாம்.

அப்புறம் முக்கியமானது: ஆள் என்ன சொல்கிறார் என்பதோடு நிறுத்தாமல் என்ன செய்கிறார் என்றும் பாருங்கள். 1930களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் லாபியர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு சீனத் தம்பதியோடு காரில் நாடு சுற்றினார். 250 ஓட்டல்கள், விடுதிகளுக்கு மேல் ஏறி இறங்கியும் ஒரே ஒரு இடத்தில்தான் இடம் தர மறுத்தார்கள். ஊர் திரும்பிய சில மாதங்கள் கழித்து அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, சீனர்களை ஏற்பீர்களா என்று கேட்டார். பதில் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் மாட்டோம் என்றே எழுதினார்கள். காகிதத்தில் ஒன்று, வாசலில் வந்து நிற்பவரிடம் இன்னொன்று.

இப்போது இது பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது: சொல்லில் வரவேற்பு, செயலில் மறுப்பு. ஒரே தகுதி, பெயர் மட்டும் வேறு என்று வைத்து வேலைக்கு விண்ணப்பங்களை அனுப்பி, யாருக்கு அழைப்பு வருகிறது என்று பார்க்கும் சோதனைகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 9 நாடுகளில் நடந்த அந்தச் சோதனைகளை 2019இல் தொகுத்துப் பார்த்தபோது, பாகுபாடு அதிகம் தெரிந்த இரண்டு நாடுகள் பிரான்ஸும் ஸ்வீடனும்தான். வரைபடத்தில் நீலமாக ஜொலித்த அதே ஸ்வீடன்! பிரான்ஸில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனத்துக்கான கட்டமே கிடையாது என்பதால், இப்படிச் சோதித்தால் ஒழிய விஷயம் வெளியே வருவது கஷ்டம்.

காலத்தையும் கவனியுங்கள். அமெரிக்காவில் வெள்ளையர்-கறுப்பர் திருமணத்தை ஏற்பதாகச் சொன்னவர்கள் காலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் 1958இல் 4 சதவீதம், 2021இல் 94 சதவீதம். மனசு மாறியிருக்கிறது என்பதில் சந்தேகமில்லை, ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் போனில் கேட்டால் எதைச் சொல்லக் கூடாது என்று மக்கள் கற்றுக்கொண்டதும் அதில் கொஞ்சம் கலந்திருக்கும் என்பது என் கணிப்பு.

நீங்களே பார்க்க வேண்டுமா? வேர்ல்ட் வேல்யூஸ் சர்வே தளத்தில் 'ஆன்லைன் அனாலிசிஸ்' பகுதி இலவசம். 2010-2014 சுற்றைத் தேர்ந்தெடுத்து, இந்தியாவையும் ஸ்வீடனையும் டிக் செய்து, பக்கத்து வீட்டுக் கேள்விகளுக்குப் போங்கள். 'வேறு இனத்தவர்' வரியோடு நிறுத்தாமல் மதம், மொழி வரிகளையும் சேர்த்தே திறந்து பாருங்கள். அடுத்த முறை யாராவது குரூப்பில் அந்த வரைபடத்தைப் போட்டால், சண்டைக்குப் போகாமல், "என்ன கேள்வி, எந்த வருஷம்?" என்று மட்டும் கேளுங்கள்.