பைக்கை மாற்றியமைக்கும் முன் பாலிசியை எடுத்துப் பாருங்கள்

சென்ற ஆடி மாதம் தொப்பூர் கணவாய் இறக்கத்தில், மழை ஈரத்தில் சறுக்கி விழுந்த என் அக்காள் மகனின் பைக்கைப் பார்வையிடத் தருமபுரி பட்டறை ஒன்றுக்கு வந்த, சேதத்தை மதிப்பிடும் காப்பீட்டு சர்வேயர், நசுங்கிக் கிடந்த டேங்க்கை முதலில் பார்க்கவில்லை. ஆர்சி எனப்படும் பதிவுச் சான்றின் நகலை இடக்கையில் பிடித்தபடி குந்தி உட்கார்ந்து, டார்ச் வெளிச்சத்தில் சேசிஸ் எண்ணை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். பிறகு சைலன்சரைப் பேனாவால் தட்டி, "இது கம்பெனியோடு வந்தது இல்லையே, தம்பி" என்றார். டேங்க், முன் ஃபோர்க், ஹேண்டில்பார் ஆகியவற்றுக்குத் தேய்மானம் போகப் பணம் வந்தது. வெளியில் வாங்கிப் பூட்டிய சைலன்சருக்கும் இரண்டு ஃபாக் லைட்டுகளுக்கும் ஒரு ரூபாயும் வரவில்லை. சறுக்கலுக்கும் சைலன்சருக்கும் தொடர்பில்லை என்று எழுதிப் புரியவைக்கவே ஆறு வாரங்கள் ஆயின.

காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்றிருப்பது ஆர்சியிலும் பாலிசியிலும் எழுதியுள்ள வண்டிக்கு. அதன்பின் அதில் ஏறிய ஒவ்வொன்றும் நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். ஐடிவி எனப்படும் காப்பீட்டு மதிப்பு, தயாரிப்பாளரின் பட்டியல் விலையிலிருந்து வண்டியின் வயதுக்கேற்பக் கழித்துக் கணக்கிடப்படுகிறது: 6 மாதத்துக்குள் 5 சதவீதம், 2 ஆண்டு தாண்டி 3 ஆண்டுக்குள் என்றால் 30 சதவீதம். நீங்கள் 20,000 ரூபாய்க்கு உபரிப் பொருட்கள் பூட்டியிருந்தாலும், சொல்லிச் சேர்க்காதவரை அந்தக் கணக்கில் அவை வராது.

ஆகவே மாற்ற நினைப்பது எந்த வகை என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பக்கப் பெட்டி, கண்ணாடித் தடுப்பு, மொபைல் தாங்கி போன்றவை வண்டியின் அடிப்படை அமைப்பைத் தொடுவதில்லை. இவற்றுக்குக் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு கடிதம் போதும். நிறம் ஆர்சியில் எழுதப்பட்டிருப்பதால், வண்ணத்தை மாற்றினால் அதை ஆர்சியிலும் பதிய வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, மாற்றம் செய்த 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கச் சொல்கிறது; தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் மூன்றிலும் அலுவலகம் இருப்பதால் அலைச்சலைக் காரணமாகச் சொல்ல முடியாது. கடனில் வாங்கிய வண்டி என்றால், கடன் கொடுத்தவரின் எழுத்துபூர்வச் சம்மதத்தை முதலில் பெறுங்கள்.

சேசிஸை வெட்டுவது, சிலிண்டரைக் குடைந்து சிசியைக் கூட்டுவது, சத்தத்துக்காகவே சைலன்சரை மாற்றுவது ஆகியவை வேறு வகை. தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகவே கூறிவிட்டது. சட்டத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். சிசியைக் கூட்டினால் பிரீமியக் கணக்கும் பொய்யாகிவிடுகிறது: 2022 ஜூன் 1 முதல் அமலான கட்டணப்படி, மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு (விபத்தில் பாதிக்கப்படும் பிறருக்கானது) 75 சிசிக்கு மேல் 150 சிசி வரை ஆண்டுக்கு 714 ரூபாய், 150ஐத் தாண்டினால் 350 சிசி வரை 1,366 ரூபாய். குறைந்த கட்டணம் கட்டிவிட்டுப் பெரிய எஞ்சினை ஓட்டியவர் என்ற நிலையில் க்ளைம் கேட்டு நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இதில் வாதாடிப் பார்க்கலாம் என்று எந்த மெக்கானிக் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அனுமதிக்கப்பட்ட பொருளைப் பூட்டுவதற்கு முன்பே ஜிஎஸ்டி பில்லையும், பூட்டியபின் எடுத்த படத்தையும் பிறகு அனுப்புவதாகக் கூறி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதி, எண்டார்ஸ்மெண்ட், அதாவது மாற்றத்தைப் பாலிசியில் சேர்க்கும் இணைப்புத் தாள், கேளுங்கள். வண்டியோடு வராத மின் பொருட்களுக்கு 2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் காப்பீட்டுக் கட்டண விதிநூல் அவற்றின் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் என்று வைத்திருந்தது. 5,000 ரூபாய் விளக்குகளுக்கு 200 ரூபாய். இன்று நிறுவனங்களே விகிதத்தை முடிவு செய்கின்றன. முகவர் வாய்மொழியாகச் சொல்லும் "சரிங்க சார்" கணக்கில் வராது. எண்டார்ஸ்மெண்ட் தாள் கைக்கு வந்ததா என்று பாருங்கள். அப்படிச் சேர்த்தாலும், வழக்கமான இருசக்கர பாலிசியில், வண்டி களவு போகாமல் உபரிப் பொருள் மட்டும் களவு போனால் இழப்பீடு இல்லை. கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தருகே நிறுத்திய வண்டியில் விளக்கை மட்டும் கழற்றிச் சென்றால், அந்தச் செலவு உங்களுடையதுதான்.

மாற்றுத்திறனாளிகளுக்காகப் பக்கச் சக்கரம் பொருத்திய வண்டிகளின் நிலை வேறு. அது அவ்வாறே ஆர்சியில் பதிவாகியிருந்தால், அதே 2002 விதிநூல் சொந்தச் சேதப் பிரீமியத்தில் (உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி) 50 சதவீதத் தள்ளுபடி அளித்தது. பாலிசி எடுக்கும்போது கேட்டுப் பெறுங்கள்.

பெங்களூருவிலிருந்து பழைய வண்டி வாங்குவது ஓசூர்ப் பக்கம் சர்வ சாதாரணம். முந்தைய உரிமையாளர் செய்த மாற்றங்களுக்கும் இனி நீங்களே பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால், பணம் கொடுக்கும் முன் ஆர்சியோடு வண்டியை ஒப்பிட்டுப் பார்த்து, வாங்கிய 14 நாட்களுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.

விபத்து நேர்ந்தால், சர்வேயர் வருமுன் பழைய சைலன்சரை மாட்டி மறைக்கும் வேலை வேண்டாம். புது போல்ட்டின் பளபளப்பே காட்டிக்கொடுத்துவிடும், அதன்பின் நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது. அடிபட்ட மூன்றாம் நபருக்கான இழப்பீட்டை, வண்டி மாற்றப்பட்டிருந்தது என்ற ஒரே காரணத்தால் நிறுவனம் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் நிபந்தனை மீறல் நிரூபிக்கப்பட்டால் கொடுத்த பணத்தை உரிமையாளரிடமிருந்து வசூலிக்க நீதிமன்றம் அனுமதிக்கலாம்.

சொந்தச் சேத க்ளைம் மறுக்கப்பட்டால், எந்த நிபந்தனையின் கீழ், எந்த மாற்றம் எப்படி விபத்துக்குக் காரணமானது என்று எழுத்தில் கேளுங்கள். 2010இல் அமலேந்து சாஹு வழக்கில், நிபந்தனைக்கு மாறாக வண்டி பயன்படுத்தப்பட்டிருந்தும், க்ளைமை முற்றாகத் தள்ளாமல் 75 சதவீதம் வரை கொடுக்கலாம் என்ற வழியை உச்ச நீதிமன்றம் ஏற்றது. மறுப்புக் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது இதைக் குறிப்பிடலாம். நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதி ஒரு மாதம் ஆகியும் பதில் வராவிட்டாலோ, வந்த பதிலில் திருப்தி இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் சென்னை ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம். பாலிசி, எண்டார்ஸ்மெண்ட், பில், சர்வேயர் அறிக்கையின் நகல், மறுப்புக் கடிதம் ஆகிய ஐந்தையும் இணைத்து அனுப்புங்கள்.